ஐரிஷ் கைதி ஒருவரைத் தேடிய கதையும், தேடப்போகிறவர்களுக்குச் சில குறிப்புகளும்

என் கணவர் ஆஸ்திரேலியர். அவருடைய அம்மா வழி முன்னோர் ஒருவர் அயர்லாந்திலிருந்து கைதியாகக் கப்பலேற்றி அனுப்பப்பட்டவர். நம் பெரியவர்கள் தீவாந்தர சிட்சை என்பார்களே, அதேதான். 1788 முதல் 1868 வரை ஏறத்தாழ 1,62,000 பேரை பிரிட்டிஷ் அரசு இப்படி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பியது, அதில் சுமார் 40,000 பேர் அயர்லாந்திலிருந்து நேராக வந்தவர்கள். மாமியாருக்கு எண்பது தாண்டிவிட்டது. ஆடு திருடியதற்காக வந்தவர் என்ற ஒற்றை வரியைத் தவிர அந்தக் குடும்பத்தில் யாருக்கும் எதுவும் தெரியாது. அவருடைய பாட்டி காலத்தில் அதைக்கூடச் சொல்ல மாட்டார்களாம், கைதி வம்சம் என்பது அப்போது பெரிய அவமானம். தன் காலத்துக்குள் அவர் யார் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று மாமியார் ஆசைப்பட்டார். கணவருக்கு இதிலெல்லாம் நாட்டமில்லை, கொழுந்தனார் வேறு மாநிலத்தில். ஆக, எனக்கு ரத்த சம்பந்தமே இல்லாத ஒரு மனிதரைத் தேடும் வேலை என் தலையில் விழுந்தது, விழுந்த பிறகு அதை விடவும் முடியவில்லை.

நான் தேட ஆரம்பிப்பதற்கு முன்பே குடும்பத்தில் எல்லோரும் சேர்ந்து ஓர் ஆய்வாளரிடம் பணம் கட்டியிருந்தார்கள், ஏறக்குறைய 900 டாலர். அவர் யார் என்று சொல்லப் போவதில்லை, அது தேவையுமில்லை. வழவழப்பான தாளில் அச்சிட்ட ஒரு வம்ச வரைபடமும் நாலைந்து பக்கம் வாழ்க்கைக் குறிப்பும் வந்தன. கால்வே மாவட்டத்துக்காரர், ஆடு திருடியதற்கு ஆயுள் தண்டனை, 1833-ல் சிட்னிக்கு வந்தார், ஓடிப்போய் பிடிபட்டு கசையடி வாங்கினார், கடுந்தண்டனைக் கைதிகளை வைத்திருந்த நார்ஃபோக் தீவுக்கு அனுப்பப்பட்டார் என்று படிக்கவே பதற வைக்கும் கதை. ஆடு திருடிய விஷயம் வீட்டில் சொல்லிவந்ததோடு ஒத்துப்போனதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மாமியார் அதைப் படித்துவிட்டு அழுதார். தேவாலயத்தில் தெரிந்தவர்களிடமெல்லாம் சொன்னார், அந்தக் கசையடி நாளுக்காக ஒரு மெழுகுவர்த்திகூட ஏற்றினார்.

எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி ஒரு கோப்பாக்கித் தரலாம் என்றுதான் நான் உட்கார்ந்தேன். தேவாலயப் பதிவேட்டிலிருந்து அவருடைய மூத்த மகளின் ஞானஸ்நானக் குறிப்பை எடுத்துப் பார்த்தால், 1831. அப்பா கப்பலை விட்டு இறங்கியது 1833-ல், மகளுக்கு சிட்னி பக்கத்து கேம்பல்டவுனில் ஞானஸ்நானம் நடந்தது 1831-ல்! திரும்பத் திரும்பப் பார்த்தேன், எழுத்து தெளிவாகவே இருந்தது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பணம் போனதுகூட இரண்டாம் பட்சம். அந்த அம்மா யாரோ ஒருவருக்காக அழுதிருக்கிறார், அதை அவரிடம் நான்தான் போய்ச் சொல்ல வேண்டும்.

ஆய்வாளருக்கு எழுதினேன். இரண்டு குடும்பக் கதைகள் கலந்திருக்கலாம், மேற்கொண்டு பார்க்க வேண்டுமென்றால் தனிக் கட்டணம் என்று பதில் வந்தது. எந்த ஆவணத்தை வைத்து இந்த முடிவுக்கு வந்தீர்கள் என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. யாருக்காவது பணம் கொடுத்துத் தேடச் சொல்கிறீர்கள் என்றால், வம்ச வரைபடம் வேண்டும் என்று கேட்காதீர்கள். ஒவ்வொரு வரிக்கும் எந்த ஆவணம், எந்தப் பக்கம், அதன் படம் எங்கே என்று கேளுங்கள். இன்ன கப்பலில் வந்தவர்தான் இந்த ஊரில் இறந்தவர் என்பதற்கு என்ன சாட்சி என்று முதல் கடிதத்திலேயே எழுதிக் கேட்டுவிடுங்கள். பதில் சொல்லத் தெரியாதவருக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம்.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது? எல்லோரும் அயர்லாந்திலிருந்து ஆரம்பிக்கத்தான் ஆசைப்படுவார்கள். இணையத்தில் பெயரைத் தட்டினால் நூறு பேர் வந்து நிற்பார்கள், அதில் மனதுக்குப் பிடித்த ஒருவரைத் தேர்ந்தெடுத்துவிடுவோம். எங்கள் ஆளின் பெயர் அயர்லாந்தில் தடுக்கி விழுந்தால் கிடைக்கும் பெயர். அதனால் கடைசியிலிருந்து, அதாவது சாவிலிருந்து பின்னோக்கி வர வேண்டும். சிட்னி அடங்கிய நியூ சவுத் வேல்ஸில் பிறப்பு, இறப்பு, திருமணங்களை அரசு பதிவு செய்ய ஆரம்பித்தது 1856 மார்ச்சில். அதற்குப் பிறகு இறந்தவர் என்றால் இறப்புச் சான்றிதழில் பிறந்த இடம், பெற்றோர் பெயர், எங்கே யாரைக் கல்யாணம் செய்தார், பிள்ளைகள், எல்லாவற்றையும்விட முக்கியமாகக் காலனியில் எத்தனை வருடம் இருந்தார் என்பது வரை இருக்கும். தகவல் சொன்னவர் மகனோ பக்கத்து வீட்டுக்காரரோ என்பதையும் பாருங்கள், அவருக்குத் தெரிந்த அளவுதான் அதில் இருக்கும். கைதியாக வந்தவர் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எங்கள் ஆள் 1867-ல் இறந்திருக்கிறார். பிறந்த இடம் லிமெரிக் மாவட்டம், காலனியில் 44 வருடம் என்று இருந்தது. அப்படியென்றால் வந்தது 1823 வாக்கில். கால்வேயும் இல்லை, 1833-ம் இல்லை. இந்த ஒரு சான்றிதழை முதலிலேயே வாங்கிப் பார்த்திருந்தால் 900 டாலர் மிச்சமாகியிருக்கும்.

சான்றிதழ் விஷயத்தில் ஒன்று. அரசின் முழுச் சான்றிதழ் விலை அதிகம். அதிலுள்ளதை அப்படியே எழுதித் தரும் அங்கீகாரம் பெற்ற முகவர்கள் இருக்கிறார்கள், குறைந்த செலவில் முடியும், குடும்ப ஆராய்ச்சிக்கு அது போதும். 1856-க்கு முந்தைய நிகழ்வுகளுக்கு அரசிடம் இருப்பது தேவாலயப் பதிவுகளிலிருந்து எடுத்த சுருக்கம்தான், அதற்கு முழுக் கட்டணம் கட்ட வேண்டாம், பதிவேட்டின் நகலையே தேடுங்கள். தவறான ஆளுடைய சான்றிதழ்களுக்கே குடும்பத்தில் தனியாக இருநூறு டாலருக்கு மேல் செலவழித்திருந்தார்கள்.

அடுத்து 1828-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 1828-க்கு முன்னால் வந்தவர் என்றால் இதைப்போல உதவும் ஆவணம் வேறில்லை. அந்த வருடம் நவம்பரில் காலனி முழுவதும் எடுத்தது, பெயர், வயது, வந்த கப்பல், வந்த வருடம், தண்டனைக் காலம், மதம், தொழில், யாரிடம் வேலை செய்தார், எந்த ஊர் என்று ஒரே வரியில் இருக்கும். பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டெழுத்துக் குறிப்பைத் தவறவிடாதீர்கள். டி.எல். என்றால் டிக்கெட் ஆஃப் லீவ், அதாவது தண்டனை முடியும் முன்பே தனக்காக வேலை செய்து பிழைக்கும் அனுமதிச் சீட்டு, வைத்திருப்பவர், எஃப்.எஸ். என்றால் தண்டனை முடிந்து விடுதலையானவர், சி.எஃப். என்றால் சுதந்திரமாகக் குடியேறியவர், பி.சி. என்றால் இங்கேயே பிறந்தவர். எங்கள் ஆளின் பெயரில் ஏகப்பட்ட பேர் இருந்தார்கள். ஆனால் 1823-ல் வந்து, ஏழு வருடத் தண்டனையோடு, கேம்பல்டவுனை ஒட்டிய ஏர்ட்ஸ் பகுதியில் இருந்தவர் ஒருவர்தான். கப்பலின் பெயர் அங்கே இருந்தது. அந்தப் பெயரைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியது, உண்மையாகவே.

ஏனென்றால் கைதிகள் விஷயத்தில் ஆளுக்கு அடையாளம் கப்பல்தான். அந்தக் காலத்து எழுத்தர்களுக்கும் இதே தலைவலி இருந்தது, ஒரே பெயரில் பத்து பேர். அதனால் எந்தக் காகிதத்தை எடுத்தாலும் பெயருக்குப் பக்கத்தில் கப்பலையும் வருடத்தையும் எழுதி வைத்தார்கள். கப்பலே பலமுறை வந்திருந்தால் எத்தனையாவது பயணம் என்ற எண்ணும் சேரும். மாங்கில்ஸ் என்ற கப்பல் 1820-க்கும் 1840-க்கும் நடுவில் திரும்பத் திரும்பக் கைதிகளைக் கொண்டுவந்தது, வெறும் மாங்கில்ஸ் என்று மட்டும் குறித்துக்கொண்டால் வேறு யாரையோ பிடித்துவிடுவீர்கள். பெயரின் எழுத்தை நம்பவே வேண்டாம். பலருக்கு ஐரிஷ் மொழிதான் தாய்மொழி, எழுதப் படிக்கத் தெரியாது, ஆங்கில எழுத்தர் காதில் விழுந்ததை எழுதினார். நம் ஊர்ப் பெயர்கள் இங்கே அலுவலகத்துக்கு அலுவலகம் ஒவ்வொரு விதமாக ஆவதைப் பார்த்திருப்பீர்கள், அதே கதை. எங்கள் ஆள் ஓ என்ற முன்னொட்டோடு ஒரு இடத்தில், இல்லாமல் இன்னொரு இடத்தில், கடைசியில் வேறொரு எழுத்துக்கூட்டலில் கல்லறைப் பதிவில் இருக்கிறார். கப்பலும் வருடமும் மட்டும் மாறவே இல்லை.

கப்பல் தெரிந்துவிட்டால் அந்தக் கப்பலில் வந்த கைதிகளின் பட்டியலுக்குப் போகலாம், இன்டென்ட் என்பார்கள். 1820களின் பிற்பகுதிக்குப் பிறகு வந்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். வயது, படிப்பு, மதம், கல்யாணமானவரா, எத்தனை பிள்ளைகள், பிறந்த ஊர், குற்றம், உயரம், கண் நிறம், தழும்பு, பச்சை குத்தியது வரை எல்லாம் இருக்கும். 1823-ல் வந்தவருக்கு அவ்வளவு கிடையாது, விசாரணை நடந்த இடம், தேதி, தண்டனை, வயது, தோற்றம், தொழில் என்ற அளவில்தான். குற்றம் என்ன என்றே அதில் இல்லை! இணையத் தளங்களில் வரும் சுருக்க அட்டவணையோடு நிற்காமல் மூலப் பக்கத்தின் படத்தைப் பாருங்கள், ஓரத்தில் எழுதிய குறிப்புகள் அட்டவணைக்கு வராது. இந்தப் படங்கள் இருக்கும் கட்டணத் தளங்களை ஆஸ்திரேலியாவின் பல பொது நூலகங்களில் இலவசமாகப் பார்க்கலாம், வீட்டிலிருந்தே சந்தா கட்டத் தேவையில்லை. மூல ஆவணங்கள் சிட்னிக்கு மேற்கே கிங்ஸ்வுட்டில் இருக்கும் மாநில ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அங்கே போவதற்கு முன் என்ன வேண்டும் என்று அவர்களுடைய இணையக் குறியீட்டில் பார்த்து எழுதிக்கொண்டு போனால் ஒரு நாள் வீணாகாது.

விடுதலைச் சான்று கிடைத்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. ஏழு வருடம், பதினான்கு வருடம் என்று காலவரை உள்ள தண்டனை முடிந்தவர்களுக்குத்தான் இந்தச் சான்று. ஆயுள் கைதிக்கு இது ஒருபோதும் கிடையாது, அவருக்கு மன்னிப்புதான், அதுவும் பெரும்பாலும் தாய்நாட்டுக்குத் திரும்பக் கூடாது என்ற நிபந்தனையோடு. எங்கள் ஆளுக்கு அதே கப்பல் பெயரோடு 1829-ல் சான்று கொடுத்திருக்கிறார்கள். தண்டனையைக் கணக்கிடுவது விசாரணை நாளிலிருந்து, சிட்னியில் இறங்கிய நாளிலிருந்து அல்ல, அதனால் 1822-லிருந்து ஏழு வருடம். ஆக, ஆயுள் தண்டனை பெற்ற கால்வேக்காரர் இவர் இல்லை என்பது இந்த ஒரு காகிதத்திலேயே முடிந்துபோன விஷயம். அதில் இவருடைய உயரம், கண் நிறம், புருவத்துக்கு மேல் ஒரு வெட்டுத் தழும்பு, எல்லாம் எழுதியிருந்தது. அந்தக் குடும்பத்தில் யாரிடமும் அவர் புகைப்படம் இல்லை, இருக்கவும் வாய்ப்பில்லை. மாமியாருக்கு அதை வாசித்துக் காட்டியபோது, என் அண்ணனுக்கும் அதே கண் என்றார்.

அவர் என்னதான் செய்தார் என்பது மட்டும் பிடிபடவில்லை. அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகம் நாடுகடத்தப்பட்டவர்களின் தரவுத்தளம் ஒன்றை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. 1988-ல் ஆஸ்திரேலியாவின் இருநூறாம் ஆண்டுக்காக அயர்லாந்து அரசு அன்பளிப்பாகக் கொடுத்த மைக்ரோஃபிலிம்களிலிருந்து உருவானது அது. ஆசையோடு தேடினால் ஒன்றுமே வரவில்லை. எந்த எழுத்துக்கூட்டலில் தேடினாலும் இல்லை. மறுபடியும் தவறான ஆளைப் பிடித்துவிட்டேனோ என்று வாரக்கணக்கில் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ஒரு நூலகர் சொல்லித்தான் விஷயம் புரிந்தது. 1922 ஜூன் 30-ஆம் தேதி, உள்நாட்டுப் போரின்போது, டப்ளினில் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்திலிருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்துபோனது. நூற்றாண்டுக் கணக்கான ஆவணங்கள் சாம்பலாயின, நாடுகடத்தல் பதிவேடுகளில் 1836-க்கு முந்தையவையும் அதில் போய்விட்டன. ஆகவே 1836-க்கு முன் தண்டிக்கப்பட்டவர் அந்தத் தரவுத்தளத்தில் வருவது, அவருக்காக யாராவது கருணை மனு போட்டு அது தப்பி அந்தத் தொகுப்பில் சேர்ந்திருந்தால்தான். அங்கே பெயர் இல்லை என்பதால் அவர் தவறான ஆள் என்று ஆகாது. இதை யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் நான் அவ்வளவு நாள் கலங்கியிருக்க மாட்டேன்.

அப்புறம் அதே நூலகர் தலைமைச் செயலர் அலுவலகக் காகிதங்களைப் பார்க்கச் சொன்னார். டப்ளின் கோட்டையிலிருந்து அயர்லாந்தை நிர்வகித்த அலுவலகம் அது, அங்கே வந்த கடிதங்களும் மனுக்களும் தீயில் சிக்கவில்லை. 1820களுக்கான விவரப் பட்டியலை இணையத்திலேயே தேடலாம். அங்கே பெயரை விட்டுவிட்டு, லிமெரிக், 1822 என்று ஊரும் காலமுமாகத் தேடினேன். கலகத் தடுப்புச் சட்டத்தின் கீழ் தண்டிக்கப்பட்டவர்களைப் பற்றிய காகிதங்கள் வரிசையாக வந்தன, அவற்றுக்கு நடுவில் அவருடைய மனைவி பெயரில் ஒரு மனு. நகலுக்குப் பணம் கட்டி வரவழைத்தேன், இந்தத் தேடலில் மனசார செலவழித்த பணம் அதுதான்.

அந்தச் சட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 1821-ல் உருளைக்கிழங்கு விளைச்சல் பொய்த்து, வாடகையும் தேவாலய வரியும் கட்ட முடியாமல் லிமெரிக் அடங்கிய தென் அயர்லாந்தின் மன்ஸ்டர் பகுதி கொந்தளித்துக்கொண்டிருந்தது. ராக்கைட்டுகள் என்ற ரகசியக் குழுக்கள் இரவில் போய் நிலச்சுவான்தார்களை மிரட்டின, வீடுகளையும் வைக்கோல் போர்களையும் எரித்தன. 1822 பிப்ரவரியில் அரசு கலகத் தடுப்புச் சட்டத்தை மறுபடி கொண்டுவந்தது. அறிவிக்கப்பட்ட பகுதிகளில் சூரியன் மறைந்ததிலிருந்து உதிக்கும் வரை யாரும் வீட்டை விட்டு வெளியே இருக்கக் கூடாது. இருந்து, தகுந்த காரணம் சொல்ல முடியாவிட்டால், ஜூரி கிடையாது, மாஜிஸ்திரேட்டுகளின் சிறப்பு அமர்வு, ஏழு வருடம் நாடுகடத்தல். எங்கள் ஆளின் குற்றம் அதுதான், ராத்திரி வீட்டுக்கு வெளியே இருந்தார். மாமாவின் வீட்டில் சாவு, அங்கிருந்து திரும்பினார் என்று மனுவில் இருக்கிறது. உண்மையோ, அவர் ராக்கைட்டுகளோடு போனாரோ, அதை இனி யாராலும் சொல்ல முடியாது. இரண்டு சிறு குழந்தைகள், வீட்டில் ஒரு வேளைக்குக் கிழங்கு இல்லை என்று யாரையோ வைத்து எழுதியிருக்கிறாள் அந்தப் பெண், கீழே கையெழுத்துக்குப் பதில் ஒரு பெருக்கல் குறி. பின்பக்கத்தில் ஓர் அதிகாரி, சட்டப்படியே நடக்கட்டும் என்ற பொருளில் ஒரே வரி எழுதி முடித்துவிட்டார். அதைப் படித்து நான் கோபத்தில் அழுதேன். இருநூறு வருடத்துக்கு முந்தைய அநியாயத்துக்கு இப்போது அழுது என்ன ஆகப்போகிறது என்று என் கணவர் கேட்டார். எனக்கு அழ வேண்டியிருந்தது.

மனைவியும் இரண்டு பிள்ளைகளும் லிமெரிக்கில் இருக்க, இவர் இங்கே 1830-ல் இன்னொரு கல்யாணம் செய்திருக்கிறார். தண்டனை முடியாத கைதி திருமணம் செய்ய ஆளுநரின் அனுமதி வேண்டும், அந்த விண்ணப்பப் பதிவேடுகள் 1826-லிருந்து இருக்கின்றன. இவர் விடுதலையானவர், ஆனால் மணப்பெண் அயர்லாந்தின் கார்க்கிலிருந்து வந்த கைதி, பெண் கைதிகளை வைத்திருந்த பாரமட்டா பெண்கள் தொழிற்கூடத்தில் இருந்தவள், அதனால் விண்ணப்பம் பதிவாகியிருக்கிறது. இருவர் பெயருக்கும் பக்கத்தில் அவரவர் கப்பல். அந்தத் தொழிற்கூடக் கட்டடங்கள் இன்றும் சிட்னியின் வடக்கு பாரமட்டாவில் நிற்கின்றன, வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரிக்கும் வென்ட்வொர்த்வில்லுக்கும் போய்வரும் நம்மவர்கள் அதற்குப் பக்கத்தில்தான் தினமும் போகிறோம். ஊரில் குடும்பம் இருந்ததை மறைத்துத்தான் செய்தாரா, கடல் தாண்டினால் அந்த உறவு முடிந்தது என்று இரு பக்கமும் நினைத்தார்களா, தெரியாது. கைதிகள் தங்கள் மனைவி மக்களை அரசு செலவில் வரவழைக்க விண்ணப்பிக்க வழி இருந்தது, சிலருக்கு அது கிடைக்கவும் செய்தது. எங்கள் ஆள் விண்ணப்பித்ததாக அந்தப் பட்டியல்களில் நான் பார்க்கவில்லை. இதை மாமியாரிடம் சொல்வதற்குத்தான் மிகவும் தயங்கினேன். கசையடி வாங்கியவரை அவர் ஏற்றுக்கொண்டுவிட்டார், மனைவியை விட்டுவிட்டவரை ஏற்பாரா? மனுவைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் அந்தப் பெருக்கல் குறியையே பார்த்துக்கொண்டிருந்தவர், குடும்ப வரைபடத்தில் முதலில் இவள் பெயரைப் போடு, அப்புறம் எங்கள் பாட்டி பெயரைப் போடு என்றார்.

இன்னும் ஒரு தொல்லை பாக்கி இருக்கிறது. அந்த ஆய்வாளரின் வரைபடத்தை உறவினர் ஒருவர் இணையத்தில் ஏற்றியிருந்தார், அதைப் பார்த்து வேறு சிலரும் தங்கள் குடும்ப மரங்களில் ஒட்டிக்கொண்டார்கள். திருத்தச் சொல்லி எழுதினேன், சிலர் திருத்தினார்கள், சிலர் பதிலே போடவில்லை. ஆகவே இணையத்தில் பத்து பேர் ஒரே தகவலைப் போட்டிருந்தால் அது பத்து சாட்சி அல்ல, பெரும்பாலும் ஒரே தவற்றின் பத்து நகல். உங்கள் ஆள் வான் டீமன்ஸ் லேண்டுக்கு, அதாவது இன்றைய டாஸ்மேனியாவுக்கு, அனுப்பப்பட்டவர் என்றால் உங்கள் வேலை சுலபம், அங்கே ஒவ்வொரு கைதிக்கும் நடத்தைப் பதிவேடு உண்டு, மாநில நூலகத்தின் பெயர்க் குறியீட்டில் இலவசமாகப் படங்களோடு பார்க்கலாம். நியூ சவுத் வேல்ஸில் இப்படித் துண்டு துண்டாகத்தான் சேர்க்க வேண்டும்.

இப்போது அந்த முதல் மனைவியின் பிள்ளைகளைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அயர்லாந்து தேசிய நூலகம் கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகளின் படங்களை இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது. மங்கிய மை, பாதி லத்தீன், சுருக்கிய பெயர்கள், ஒரு பக்கத்துக்கே கண் வலிக்கிறது. லிமெரிக் பக்கத்து 1820களின் பதிவேடுகளைப் படித்துப் பழகியவர்கள் யாராவது இருந்தால், அந்த லத்தீன் சுருக்கங்களை எப்படிப் பிரித்துப் படிப்பது என்று சொல்லுங்கள், எனக்குப் பெரிய உதவியாக இருக்கும்.